நீ ஜெயித்ததால் எழுதுகிறேன்

நைனா,

இன்று காலை நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறக் கிளம்பியபோது வாசலில் நின்ற நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக நீ பயிற்சிக்குப் போனால் கொள்ளு வறுத்துப் பொட்டலம் கட்டுவேன், நெற்றியில் திருநீறு பூசுவேன், ஜெயித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்புவேன். இந்த முறை அடுப்பைக்கூட மூட்டவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று உன் அப்பாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் கல்லாட்டம் இருக்கிறது. கோபம்தான். உன்மேல் கோபம், உன் அப்பாமேல் கோபம், அந்த வாலாஜாபாத் மண்டிக்காரர்மேல் கோபம். வீட்டில் வாயைத் திறந்தால் நீ சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறாய். போன் பண்ணினால், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதி, நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொல்லியும் கொடுக்கப் போகிறேன். போன தடவை உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்களே, அவர்களும் படிக்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குனி மாதம் வாலாஜாபாத்தில், அந்த மண்டிக்காரரின் ரைஸ் மில் களத்தில் நடக்கப் போகிற குத்துச்சண்டைக்கு நீ ஒத்துக்கொண்டிருக்கிறாய். எதிரில் ஏறப் போகிறவன் ஓரிக்கை ஊர்ப் பையன். மீசை இப்போதுதான் கறுத்திருக்கிறது என்று கேள்வி. உனக்கு முப்பத்து நாலு. நீ அதில் ஏறக் கூடாது. உன் நல்ல காலம் முடிந்துவிட்டது. பெற்றவள் வாயால் வரக்கூடாத பேச்சுதான். ஆனால் வேறு யாரும் இதைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் போன சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். தோற்றிருந்தால் ஊரே சொல்லியிருக்கும். நீ தோற்றிருந்தால் நான் பேசாமல் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

உன் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் ஒரு காளையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, முதுகில் தட்டி, கொஞ்சம் நடக்கவிட்டு, இது இத்தனை வருஷம் உழும் என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்தக் கண்ணுக்கு உத்திரமேரூரைச் சுற்றி மரியாதை உண்டு, நானும் இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, பெண்ணைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள் என்று கேட்டவர். என் அம்மா, மாப்பிள்ளைக்கு ஏதோ சந்தேகம் என்று பயந்துவிட்டாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, இந்த மனுஷனுக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியாது என்று. உன்னையும் அப்படித்தான் வளர்த்தார். நீ கையுறை மாட்டின நாளிலிருந்து கொள்ளு, பருத்திக்கொட்டைப் பால், விளக்கெண்ணெய், தவிட்டு ஒத்தடம் என்று காளைக்குச் செய்வதெல்லாம் உனக்கும் செய்தார். போன மாதம் மண்டிக்காரர் ஆள் அனுப்பியபோதும் அதே கதைதான். உன்னைக் கொட்டகை வரைக்கும் நடந்து திரும்பச் சொன்னார், பின்னந்தொடையைப் பிடித்து அழுத்தினார், நீயும் விளையாட்டுக்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டினாய். "தொடை இறுகலாத்தான் கீது. இன்னும் ரெண்டு வருசம் தாராளமா தாங்கும், ஒத்துக்க நைனா" என்றார். நீ அந்த ஆள் எதிரிலேயே ஒத்துக்கொண்டாய்.

அவரிடம் அன்றைக்கே சண்டை போட்டேன். மாட்டுக்கு முடியவில்லை என்றால் அது படுத்துக்கொள்ளும். நடு உழவில் படுத்த காளையை உன் அப்பாவே வாலைக் கடித்து, தார்க்குச்சியால் குத்தி, ரத்தம் வழிய வழிய அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அது எழவில்லை. முடியாது என்றால் முடியாதுதான். அதனால் மாட்டின் வயசைப் பல்லிலும் தொடையிலும் பார்த்தால் போதும், மிச்சத்தை அதுவே சொல்லிவிடும். நீ அப்படிப் படுக்கிற ஆள் இல்லை. முடியாதபோதும் முடிகிற மாதிரி நிற்பதைத்தான் உனக்கு அத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூக்கில் அடி வாங்கிக்கொண்டு சிரிக்கிறவன் நீ. உன் தொடையைப் பிடித்துப் பார்த்தால் என்ன தெரியும்? இதைத்தான் கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

உன் நல்ல காலம் எது என்று எனக்குத் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சண்டை நடந்ததே, திருத்தணிப் பக்கத்திலிருந்து கழுத்தே இல்லாத ஒரு ஆள் வந்தானே, அந்தச் சண்டை. முதல் ரவுண்டில் அவன் உன்னை உரலில் போட்டு இடிக்கிற மாதிரி இடித்தான். உன் மூக்கெலும்பு உடைந்த சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கேட்டது. ரத்தம் வாய்க்குள் இறங்கியதை நீ துப்பவில்லை, துப்பினால் அவனுக்குத் தெம்பு வந்துவிடும் என்று விழுங்கினாய். அடுத்த ரவுண்டில் அவன் கையை வீசி வீசி ஓய்கிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தாய். பிறகு இடது கையால் அவன் விலாவில் ஒரே இடத்தில் போட்டாய், போட்ட இடத்திலேயே திரும்பவும் போட்டாய். அவன் பல்லுக்கு மாட்டியிருந்த ரப்பர் எகிறி வெளியே விழுந்தது. உடம்பு ஒரு பக்கமாக மடங்கிற்று. இரண்டு கையும் பொத்தென்று தொங்கிப்போய், தாடையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

உன் வலது கை தோளுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அதை விட்டிருந்தால் அவன் தாடை சுக்குநூறாகியிருக்கும். நீ விடவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு பின்வாங்கி நடுவர் முகத்தைப் பார்த்தாய். கூட்டம் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிற்று, அடிடா அடிடா என்று கத்திற்று, உன் அப்பாவும் கூடச் சேர்ந்து கத்தினார். நீ அசையவில்லை. அந்த ஆள் தானாகவே முட்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். உன் மோவாயிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, நெஞ்சு மட்டும் சாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மற்றவனுக்குக் கண் மூடித் திறக்கிற நேரம்தான் இருக்கிறது, என் பிள்ளைக்கு அதற்குள் உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது. இந்த அடியை விடலாமா வேண்டாமா என்று நீ யோசித்தாய், நான் பார்த்தேன். எத்தனை பேரை விழவைத்தாய் என்பதை வைத்து உன் நல்ல காலத்தை நான் எடை போடவில்லை. வேண்டாம் என்று அந்தக் கையைப் பிடித்துவைக்க உன்னால் முடிந்தது. அன்றைக்கு நான் பட்ட பெருமையை உன் கல்யாணத்தில்கூடப் படவில்லை, உன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. செங்கல்பட்டில் நீ தோற்ற சண்டையைச் சொல்கிறேன். கண் மங்கிவிட்டது, அடி வருவதே தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பொய் என்று தெரியும். அவன் கை கிளம்பும்போதே உன் கண் அதைப் பிடித்துவிட்டது. எங்கிருந்து வருகிறது, எங்கே விழும் என்று எல்லாம் தெரிந்த முகம் உனக்கு. தெரிந்த பிறகும் தலை நகரவில்லை. சின்னப் பையன்கள் பார்க்காமல் அடி வாங்குவார்கள். நீ பார்த்துக்கொண்டே வாங்கினாய். புருவம் பிளந்து தோல் கீற்றாகத் தொங்கிற்று, இமைமேல் ரத்தம் கட்டி ஒரு கண் மூடிக்கொண்டது, மூடின கண்ணோடு மீதி ரவுண்டு முழுக்க அடி தின்றாய். தையல் போடும்போது நீ முனகவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மட்டும், "தெரியுதுமா, ஆனா ஒடம்பு கேக்க மாட்டேங்குது" என்று சொன்னாய். அத்தோடு விட்டிருந்தால் உன்னைக் கும்பிட்டிருப்பேன்.

நீ விடவில்லை, பேச ஆரம்பித்தாய். உன் நல்ல வயசில் எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வராது. யாரோடு சண்டை என்று கேட்டால்கூட, யாரோ ஒரு பையன் என்பாய். அந்தத் தையல் பிரித்த பிறகு சாப்பிட உட்கார்ந்தால் எதிராளி பேச்சுதான். அவனுக்கு என்ன தெரியும், அவன் மாஸ்டருக்கு என்ன தெரியும், அவனை நாஷ்டா பண்ணிவிடுகிறேன் பார் என்று தட்டைத் தட்டித் தட்டிப் பேசினாய். உன் பெண்டாட்டி பாவம், குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது ஊற்றுவது என்று தெரியாமல் நின்றாள். காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாய். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சுவரில் பல்லி என்பாய். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் நைனா. நீ கம்பெனி பஸ் ஓட்டுகிறாய், அங்கே உன்னை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிங்கில் ஏறினால்தான் மைக்கில் உன் பேரைச் சொல்கிறார்கள். அது போய்விடுமே என்று உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது நீ வாலாஜாபாத்தில் ஜெயித்த அந்தப் போன சண்டைக்கு வருகிறேன். நீ இதை மறுபடி கேட்க விரும்ப மாட்டாய், ஆனாலும் படி. மில்லில் நெல் காயவைக்கிற சிமெண்ட் களத்தில் பலகை அடித்துத் தார்ப்பாய் விரித்து ரிங்கு கட்டியிருந்தார்கள். எதிரில் வந்தவன் பெருநகர் என்கிற ஊர்ப் பையன் சதீஷ். இருபத்தோரு வயசு, கால் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாத துள்ளல். முதல் இரண்டு ரவுண்டிலும் அவன் உன்னைப் பிய்த்து எடுத்தான். உன் உதடு கிழிந்து உள்பக்கம் வெளியே தெரிந்தது. நீ அவனைக் கட்டிக் கட்டிப் பிடித்து மூச்சு வாங்கினாய், பிரித்துவிட்டால் கயிற்றில் சாய்ந்தாய். உன் முட்டி இரண்டும் நடுங்கியதை நான் பார்த்தேன். உன் அப்பா அப்போதும் உன் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரவுண்டில் அவன் அலட்சியமாக உள்ளே வந்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு வீசிய வலது கை அவன் பொட்டில் பட்டது. குருட்டு அடி அது, உனக்கும் தெரியும். அவன் கால் பின்னிக்கொண்டது, மூலைக் கம்பத்தில் போய் முட்டினான். கை இரண்டும் கீழே வந்துவிட்டது. தூங்குகிறவன் கை மாதிரி அதில் உயிரே இல்லை. காஞ்சிபுரத்தில் அந்தத் திருத்தணி ஆள் நின்ற அதே நிலைமைதான். நீ பின்வாங்குவாய் என்று நான் எழுந்துகூட நின்றுவிட்டேன். நீ அடித்தாய். தாடையில் அடித்தாய், கண்ணில் அடித்தாய், அவன் தலை கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது, திரும்பி வந்த தலையை மறுபடி அடித்தாய். கம்பம்தான் அவனை நிறுத்திவைத்திருந்தது, இல்லையென்றால் எப்போதோ விழுந்திருப்பான். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வந்தது. நடுவர், மண்டிக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உன் இடுப்பைப் பிடித்து அவர் இழுக்கும்போதும் உன் கை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சரிந்து தார்ப்பாயில் விழுந்தான். ஒரு கால் மட்டும் அறுத்துப் போட்ட கோழிக்கால் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மண்டிக்காரர் மாலை போட்டார். பட்டாசுகூட வெடித்தார்கள். உன் அப்பா வேனில் ஏறியதும், பார்த்தாயா, பல்லு சேர்ந்த காளைடி, முழு பலத்தில் நிற்கிறது என்று என்னிடம் பீற்றிக்கொண்டார். ஊருக்கு வந்து பேனர் கட்டினார்கள், அதில் சிங்கத்துக்குப் பக்கத்தில் உன் படம். மறுநாள் காலை நான் தவிட்டு ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தேன். உன் கைமுட்டி இரண்டும் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அவன் கை கீழே வந்த பிறகும் ஏன் நைனா அடித்தாய் என்று கேட்டேன். திட்டுவதற்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. நீ கையை இழுத்துக்கொண்டு, "நிறுத்தியிருந்தா நான் வுயுந்திருப்பேன்மா. கால்ல ஒன்னியும் இல்ல. அவன் திரும்பி ஒரு தபா வந்திருந்தா நான் காலி" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீ கெட்டவனாகிவிட்டாய் என்று நான் பயந்துபோயிருந்தேன். இல்லை, நீ பயந்துபோயிருக்கிறாய். பலம் இருக்கிறவன் நிறுத்தலாம், இன்னொரு ரவுண்டு ஆடிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தைரியம் இருக்கும். உனக்கு அந்த இன்னொரு ரவுண்டு கிடையாது. அதனால் கைக்கு அகப்பட்டவனை அங்கேயே முடித்தாக வேண்டும். வெற்றியைப் பார்த்து ஊர் உன்னை இன்னும் காளை என்கிறது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் நான் உன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்கிறேன். தோற்கிறவனுக்கு மட்டும்தான் வயசாகிறது என்று நினைக்கிறார்கள். வயசாவது ஜெயிக்கிறவன் கையிலும் தெரியும், கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பெருநகர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உத்திரமேரூரில் பஸ் ஏறினேனே, அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. குத்துச்சண்டை சதீஷ் வீடு எது என்று கேட்டுக்கொண்டே போனேன். செய்யாற்றுப் பக்கம் ஓட்டு வீடு. அப்பா இல்லை, அம்மா நடவுக்குப் போகிறவள். நான் யார் என்று சொன்னதும் அவள் என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். பையன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சென்னையில் தலையைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மொட்டையடித்த இடத்தில் தையல் பூரான் மாதிரி ஓடுகிறது. இடது கண் திறந்திருக்கிறது, அதில் பார்வை இல்லை. கை நடுங்குவதால் கஞ்சியை அவள்தான் ஊட்டுகிறாள், பாதி கடைவாயில் வழிகிறது. அந்தத் துள்ளுகிற காலை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். அது போர்வைக்குள் ஒரு கட்டை மாதிரி கிடந்தது.

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சண்டையே அவனுக்கு ஞாபகம் இல்லையாம், களத்துக்கு வேனில் போனது வரைக்கும்தான் தெரியுமாம். என்னைப் பார்த்ததும் குழறிக் குழறி ஒரே கேள்விதான் கேட்டான். "யக்கா, யாரு ஜெயிச்சா?" நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணால் ஜாடை காட்டினாள். வருகிறவர்கள் எல்லோரையும் அவன் இதையே கேட்கிறான், எல்லோரும் சொல்கிற பதிலை நீயும் சொல் என்று அர்த்தம். நீதான்பா ஜெயித்தாய் என்று சொன்னேன். அவன் சிரித்தான், பாதி முகம்தான் சிரித்தது. வாசல் வரைக்கும் அவள் என்னோடு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "எம்புள்ள கைய கீயே போட்டுட்டான்மா. தூக்கவே இல்ல. அப்பறமும் இன்னாத்துக்கு அடிச்சாரு?" என்று மட்டும் கேட்டாள். உன் பதில் என்னிடம் இருந்தது. என் பிள்ளை நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக உன் பிள்ளையை அடித்தான் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடமும் உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை என்றால் அடி விழத்தான் செய்யும் என்றார் அவர், ஆனால் குரலில் பழைய சத்தம் இல்லை. நீ தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய். அவனைப் போய்ப் பார்க்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மண்டிக்காரர் ஆள் வந்தான், உன் தொடையைப் பிடித்துப் பார்த்தார்கள், நீ பல்லைக் காட்டினாய். எனக்கு உன்னை அங்கேயே விளக்குமாற்றால் அடிக்கலாம் போலிருந்தது. தோள் உயரத்துக்குமேல் வளர்ந்த பிள்ளையை அடிக்கக் கூடாது என்பார்கள். இப்போது நினைத்தால் அடித்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஓரிக்கைப் பையனோடு ஏறினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். முதல் ரவுண்டிலேயே உன் கால் போய்விடும். ஒன்று, அவன் உன்னைச் சதீஷாக்குவான். இல்லையென்றால் உன் குருட்டு அடி ஒன்று அவனுக்கு விழும், நீ அவனைச் சதீஷாக்குவாய். மூன்றாவதாக ஒன்று உன்னிடம் மிச்சம் இல்லை. முதலாவதை நினைத்தால் உனக்குக் கஞ்சி ஊட்டுகிற என் கைதான் கண்ணில் தெரிகிறது. இரண்டாவதை நினைத்தால் அந்தப் பெருநகர்க்காரி வாசலில் கேட்டது திரும்பத் திரும்பக் கேட்கிறது. மண்டிக்காரருக்கு வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். பயந்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும், பேனரைக் கிழிப்பார்கள், கிழிக்கட்டும். டிரைவர் என்று கூப்பிட்டால் என்ன, அத்தனை பேரைப் பத்திரமாக வீடு சேர்க்கிறாய், அது ஒரு பேர் இல்லையா? பெருநகருக்குப் போ. அவன் கேட்கிற கேள்விக்கு நீயும் அந்தப் பதிலைச் சொல். நீ சொன்னால் அவன் இன்னும் நன்றாக நம்புவான்.

இவ்வளவும் படித்துவிட்டு நீ ஏறத்தான் போகிறாய் என்றால் இதையும் தெரிந்துகொண்டு ஏறு. அன்றைக்கு நான் வருவேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார மாட்டேன். ஓரிக்கைப் பையனைப் பெற்றவள் யார் என்று விசாரித்து அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவன் கை கீழே விழுந்து, உன் கை நிற்காமல் போகிற அந்த நேரத்தில் எழுந்து நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ எத்தனை வெறியில் இருந்தாலும் என் குரல் கேட்டால் திரும்பிவிடுவாய், அது உன் உடம்பில் ஊறியது. திரும்பினால் உன் தாடை காப்பில்லாமல் போய்விடும், அவன் கையில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தாலும் அடி அங்கேதான் விழும் என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எனக்கும் அது தெரியும் நைனா. தெரிந்துதான் கூப்பிடுவேன்.

உன் அம்மா